சொல்பவர் யார், எழுதுபவர் யார்? சட்டத் தமிழ் பற்றி ஒரு விமர்சனம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, மறுமையைப் பற்றியதுமன்று. ஒரு கடன் பத்திரத்தை எவ்வாறு எழுதுவது என்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அதனை 'ஆயத்துத் தைன்' என்று விரிவுரையாளர்கள் வழங்குவர். தவணை குறித்த கடனை எழுதிவைக்க வேண்டும். எழுத்தறிந்தவர் எழுத மறுக்கலாகாது. தொகை சிறிதென்று சலிப்படையலாகாது. எழுத்தருக்கோ சாட்சிக்கோ இடர் நேரலாகாது என்று அடுக்கடுக்காக விதிக்கும் அவ்வசனத்தில் ஒரு விதியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரல்லர். எவர்மீது கடமை விழுகிறதோ அவரே சொல்ல வேண்டும். எழுத்தர் நீதியோடு அதை எழுத வேண்டும்.

உலக வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. கொடுப்பவர் எழுதுவதும், வாங்குபவர் கைநாட்டு வைப்பதுமே நாம் காணும் நடைமுறை. ஒருவர் தம்மீது ஏற்றுக்கொண்டதைத் தம் வாயால் ஒப்புக்கொள்வது 'இக்ரார்'. அந்த ஒப்புதலே அவரைக் கட்டுப்படுத்தும். ஆகையால் வாசகம் அவருடையதாக இருத்தல் வேண்டும் என்று இதற்குக் காரணம் கூறுவர். அவர் அறிவுத்தெளிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளராகிய 'வலீ' அவருக்காகச் சொல்ல வேண்டும். அந்நிலையிலும் உரிமை எதிர்த்தரப்புக்குப் போவதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டின் சட்டத் தமிழை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நீதிமன்றங்களில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தரப்பட்டது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. இவை யாவரும் அறிந்தவை. 'தமிழில் வேண்டும்' என்பதோடு அவ்விவாதம் நின்றுவிட்டது என்பதே என் குறை. எந்தத் தமிழில், எவருக்குப் புரியும் தமிழில் என்ற அடுத்த கேள்வி அரிதாகவே எழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எதிர்வாதி குறித்த நாளில் வராதபோது, வந்தவர் தரப்பை மட்டும் கேட்டு நீதிமன்றம் வழங்கும் முடிவுக்கு 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை' என்று பெயர். பேச்சுத் தமிழில் ஒருதலைப்பட்சம் என்றால் என்ன? ஓரவஞ்சனை, பாரபட்சம். அப்பெயர் தாங்கிய தாள் கையில் கிடைத்த எளியவர் எப்படிப் புரிந்துகொள்வார்? நீதிபதி எதிர்த்தரப்புக்குச் சாய்ந்துவிட்டார், இனி அங்கே போய்ப் பயனில்லை என்றுதான். உண்மையோ மறுதலையானது. தாம் போகாததாலேயே அம்முடிவு வந்தது. அழைப்பாணை முறைப்படி தமக்கு வந்து சேரவில்லை என்றோ, வர இயலாமைக்குத் தக்க காரணம் இருந்தது என்றோ காட்டினால் அதை நீக்கக் கோரலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை, 13ஆம் விதி அதற்கு வழிசெய்கிறது. காலவரையறை 30 நாள். அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பாணையை அறிந்த நாளிலிருந்து அக்கணக்கு. அந்த 30 நாளும் எதிர்வாதி நீதிபதியை நொந்துகொண்டு வீட்டில் அமர்ந்திருப்பார். ஒரு சொல் அவருடைய வயலைப் பறித்துவிடும்.

இதே பொருளுக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள பெயர் 'அல்களாஉ அலல் ஙாயிப்'. அதாவது, வராதவர் மீதான தீர்ப்பு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் அது கூடும்; ஹனஃபி மத்ஹபிலோ வராதவரின் இடத்தில் நிற்க ஒருவர் இருந்தாலன்றிக் கூடாது. அந்தக் கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் காரணம் விளங்குகிறது, 'வந்திருந்தால்?' என்ற கேள்வியும் உடனே மனத்தில் எழுகிறது. 'வராதவர் மீதான தீர்ப்பு' என்று தமிழில் எழுதத் தடையாக நிற்பது எது என்பது எனக்கு விளங்கவில்லை. மரபு என்றால், எழுத்தரின் மரபு. தீர்ப்புக்கு ஆளாகிறவரின் மரபன்று.

நீதிமன்றத் தமிழில் அரபுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாரசீகம், உருது வழியாக வந்து குடியேறியவை அவை. அரபு பயின்றவருக்கு அவற்றைக் கேட்கும்போது சில வேளை சிரிப்பும் சில வேளை வருத்தமும் தோன்றும். 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் நபித்துவத்துக்கு முன்பே அழைத்த பெயர். தமிழ்நாட்டில் 'அமீனா வருகிறார்' என்றால் அண்டாவை ஒளித்துவைப்பார்கள். 'வாய்தா'வின் மூலம் 'வஅதா'. வாக்குறுதி என்று பொருள். நம் நீதிமன்றத்தில் அது ஒத்திவைப்பு ஆகிவிட்டது.

சிரிப்புக்கு அப்பாற்பட்டது 'வக்காலத்து'. வகாலத் என்பது ஃபிக்ஹில் ஒரு முழு அத்தியாயம். தம் காரியத்தை நடத்த ஒருவரை நியமிப்பது அது. நியமித்தவர் விரும்பினால் விலக்கலாம் என்பது பொதுவிதி, சில விலக்குகளோடு. 'வழக்காடுவதற்கென நியமிக்கப்பட்ட வகீலுக்கு, அந்நியமனத்தாலேயே சமரசம் செய்யும் அதிகாரம் வந்துவிடாது' என்ற ஹனஃபிச் சட்ட அறிஞர்களின் நுட்பமும் கருதத்தக்கது. வழக்காடுவது உரிமையை நிலைநாட்ட. சமரசமோ உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது. இரண்டும் வெவ்வேறு செயல்கள் ஆகையால் இரண்டுக்கும் தனித்தனிச் சம்மதம் வேண்டும்.

இன்று கையெழுத்துக்கு நீட்டப்படும் வக்காலத்துப் படிவமோ வழக்காட, பணம் பெற, ராஜி செய்ய, மேல்முறையிட என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வழங்கிவிடும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். அதில் ஒப்பமிடுகிறவர் எதைக் கொடுத்தார் என்பதை அறியார். திரும்பப் பெறலாம் என்பதையும் அறியார். நீதிமன்ற அனுமதியோடு எழுத்து மூலம் வக்காலத்தை முடித்துக்கொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டை வழக்கறிஞர் பிடித்துவைத்துக்கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் கூறிவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் 'கட்டைத் தர மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?' என்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

'ராஜி'யும் அவ்வாறே. 'ராளீ' என்றால் மனம் பொருந்தியவர். மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகும் வழக்கின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். மேல்முறையீடு இல்லை என்பதை அதே குரலில் சொல்பவர் குறைவு. உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் கடிதம், விலக்கப்பட்டதை ஆகுமாக்காத, ஆகுமானதை விலக்காத சமரசங்களை அனுமதிக்கிறது. சமரசம் நல்லதே. அறியாதவரின் மனப்பொருத்தத்தைப் பொருத்தம் என்று கொள்வதுதான் நல்லதன்று.

சொல் அந்நியமாயிருப்பது தன்னளவில் குற்றமன்று என்பதையும் இங்கே கூற வேண்டும். போடிநாயக்கனூரில் விளைபொருளுக்கும் ஏலம் என்று பெயர். அதை விற்கும் முறைக்கும் ஏலம் என்று பெயர். முன்னது பழந்தமிழ், பின்னது போர்த்துக்கீசியரோடு வந்தது. 'ஏலத்தை ஏலம் விடும் ஊர்' என்று வேடிக்கையாகச் சொன்னாலும் அங்கே எவரும் குழம்புவதில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இரு பொருளும் தெரியும். நீதிமன்றச் சொற்களிலோ பொருள் ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கிறது.

அந்த ஊரையே மேலும் சிறிது பார்ப்போம். போடி, தேவாரம், கோம்பை முதலிய ஊர்களிலிருந்து வைகறையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்கிவருகிறார்கள். வீடு ஒரு மாநிலத்தில், கூலி வேறொரு மாநிலத்தில். முதலாளியின் கணக்கு மலையாளத்தில். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால், மருந்து தெளிக்கையில் மயங்கி விழுந்தால், மரக்கிளை முறிந்து மேலே விழுந்தால் இழப்பீடு கேட்டு எங்கே போவது? 'சம்பவம் அங்கே நடந்தது, அங்கேதான் போக வேண்டும்' என்று சொல்லப்படும். மொழியும் செலவும் அஞ்சி மக்கள் அடங்கிவிடுவார்கள்.

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்து எங்கு நடந்திருந்தாலும் இழப்பீடு கோருபவர் தாம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்தை நாடலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமை அது. வேலையில் நேரும் காயத்துக்கான 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் 1995இல் அதே உரிமை சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதைக் காத்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நேர்ந்ததாகக் கருதும் விதியையும் அது சேர்த்திருக்கிறது. ஜீப்பில் மலையேறும் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான சட்ட விதி ஒன்றைக் காட்ட முடியுமா? ஆயினும் அந்த விதி எந்த ஜீப் நிறுத்தத்திலும் இரண்டு வரித் தமிழில் எழுதப்பட்டிருக்கக் காணோம். சட்டத் தொகுப்பின் பெயரை மட்டும் வரவேற்றும் கண்டித்தும் சுவரொட்டிகள் உண்டு.

சட்டத்தை மொழிபெயர்க்கிறோமே என்று அரசுத் தரப்பில் விடை கூறலாம். மொழிபெயர்ப்பு என்பது நம் மரபில் எழுத்தர் வேலையன்று; சாட்சியத்துக்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்ட பொறுப்பு. வழக்காளியின் மொழி காழிக்குத் தெரியாதபோது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்று இமாம்கள் விவாதித்தார்கள். இமாம் அபூஹனீஃபா, அபூயூஸுஃப் (ரஹ்) இருவரும் ஒருவர் போதும் என்றனர். இமாம் முஹம்மத், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் சாட்சிகளைப் போல இருவர் வேண்டும் என்றனர். நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்த செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) தீர்ப்பு வழங்குவோர் பற்றிய அத்தியாயத்தில், மொழிபெயர்ப்பாளரைக் குறித்த தலைப்பின்கீழ் வைத்தது தற்செயலன்று. ஒருவரா இருவரா என்ற அந்த விவாதத்துக்குள் 2019 முதல் உச்ச நீதிமன்றம் கணினி மொழிபெயர்ப்பையும் கொண்டுவந்திருக்கிறது. தீர்ப்புகள் தமிழிலும் வெளியாகின்றன, கட்டணமில்லாமல் படிக்கலாம். நன்றிக்குரிய முயற்சி. ஆனால் கணினி தரும் வாக்கியத்துக்கு ஆங்கில முதுகெலும்பு இருக்கிறது. தமிழ்த் தோல் போர்த்தியிருக்கிறது. சொற்கள் எல்லாம் தமிழ், யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் விளங்காது.

ஒப்பிட ஒரு முன்மாதிரி நம்மிடமே உண்டு. மாயவரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் தந்தார். முதல் தமிழ் நாவலின் ஆசிரியர் என்றே பள்ளிப் பிள்ளைகள் அவரை அறிவார்கள். சட்டத் தகவலைத் தமிழனுக்குக் கொடுத்த முன்னோடி என்று அறியார்கள். அவர் செய்தது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பன்று, சாரத்தைத் தொகுத்தது. வழக்காளியை நாள்தோறும் எதிரே பார்த்த நீதிபதி ஒருவர் செய்த வேலை அது.

மொழிபெயர்ப்பின் பிழை நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 'ஹிதாயா'வே சான்று. மர்கீனானீ (ரஹ்) அரபியில் எழுதியதைப் பாரசீகத்தில் பெயர்த்தார்கள்; அப்பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலமாக்கினார். பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் நம் ஷரீஅத்தைப் படித்தது பெரும்பாலும் அந்த மூன்றாம் கைப் பிரதியில்தான். இதைச் சொல்லி ஆங்கிலேயரை ஏசுவது எளிது. நம்மவரின் மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கணவன் காணாமற்போய் நான்கு ஆண்டு. இரண்டு ஆண்டாகச் செலவுக்குக் கொடுக்கவில்லை' என்பன போன்ற காரணங்களால் மனைவி மணவிலக்குக் கோர வகைசெய்யும் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம் எங்கிருந்து வந்தது? ஹனஃபி மத்ஹபில் வழி நெருக்கமாக இருந்தமையால் மாலிகி மத்ஹபின் கருத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) 'அல்ஹீலத்துந் நாஜிஸா'வில் எழுதிய வாதம் அதற்குப் பின்புலம். உலமாக்களின் உழைப்பில் விளைந்த சட்டம். அரபுக் கல்லூரிகளில் 'ஃபஸ்க்' பாடம் உண்டு. இந்தச் சட்டத்தைப் பாடமாக வைத்தவை எத்தனை? அதன் காரணங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு நிக்காஹ் பதிவேட்டோடு பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் ஜமாஅத்துகள் எத்தனை?

குல்உ விவகாரம் இன்னும் கூர்மையானது. ஷரீஅத் கவுன்சில் வழங்கிய குல்உச் சான்றிதழ் செல்லாது, அப்பெண் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றமோ 2021இல், நீதிமன்றத்துக்கு வெளியே குல்உ பெறும் பெண்ணின் உரிமையை ஏற்றிருந்தது. போடிமெட்டுக்கு அந்தப் புறம் ஒரு நிலை, இந்தப் புறம் வேறொரு நிலை. மலைக்கு மேலே கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் மலைக்கு மேலிருந்து கீழே வந்த மருமகளுக்கும் இது வாழ்க்கைப் பிரச்சினை. ஒரு பக்கத்துத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டு, மறுபக்கத்தில் அது செல்லாதென அறிந்தால் அவள் நிலை என்ன? தீர்ப்பு வந்தபோது நம் மேடைகள் ஷரீஅத்தில் தலையீடு என்று முழங்கின. முழக்கத்தின் தகுதியை நான் இங்கே எடைபோடவில்லை. 'அம்மா, இனி எங்கள் தாள் மட்டும் போதாது. இன்ன இடத்துக்கும் போய்வா' என்று ஒரு பெண்ணிடம் சொன்ன அறிவிப்பு அம்முழக்கங்களுக்கிடையே எங்கே இருந்தது என்பதே என் கேள்வி. விவாகரத்தான முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழும் ஜீவனாம்சம் கேட்கலாம் என 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து அப்பிரிவின் எண்ணே புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. இதுவும் அறிந்தவர் அறிந்தார் என்ற அளவில் நிற்கிறது.

கேட்கத் தெரியாதவரிடம் 'நீ கேட்கவில்லையே' என்று சொல்லலாமா? அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக்தாஸ் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதற்கு விடை சொன்னது. இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை தமக்கு உண்டென்பதையே அறியாதவர் அதைக் கேட்க மாட்டார். ஆகையால் கேட்காமலே அவருக்கு அறிவிப்பது நீதிமன்றத்தின் கடமை. அறிவிக்காததால் அவருக்கு விதித்த தண்டனையே நீக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்போருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. தோட்டத்துக்குப் போகும் பெண் ஒருத்தி, பெண் என்ற ஒரே காரணத்தால் இதற்கு உரியவள். சொல்ல இயலாதவருக்காகச் சொல்லும் 'வலீ'யின் இடத்தில் அரசு தன்னையே நிறுத்திக்கொண்ட ஏற்பாடு இது. அதற்குச் சூட்டிய தமிழ்ப் பெயரோ 'சட்டப் பணிகள்'. பணி என்றால் வேலை என்றோ பொதுப்பணித் துறை என்றோ நினைக்கும் மனிதருக்கு, உள்ளே இலவச வக்கீல் இருக்கிறார் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. 15100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய இமாம் ஒருவரையேனும் நம் பகுதியில் காண ஆசை.

காழி எங்கே அமர வேண்டும் என்பதற்கும் ஹிதாயா ஆசிரியர் ஒரு காரணம் தருகிறார். பள்ளிவாசலில் வெளிப்படையாக அமரட்டும். வெளியூராருக்கும் உள்ளூராரில் சிலருக்கும் இடம் தெரியாமற்போகக் கூடாது என்பது அவர் கருத்து. அந்நியரும் தேடாமல் வந்துசேரும் இடம். தேனி மாவட்டத்தார் 2004 ஜூலை வரை உயர் நீதிமன்றத்துக்குச் சென்னை போனார்கள். மதுரைக் கிளை வந்தபின் தொலைவு குறைந்தது. போடி ரயிலோ 2010இன் இறுதியில் நின்று 2023 ஜூனில்தான் மீண்டும் வந்தது. அந்த ரயில் நிலையத்திலும், ஜீப் நிறுத்தங்களிலும், பள்ளிவாசல் ஹவுளுக்கு மேலேயும் ஒரு பலகை வைக்க என்ன செலவாகும்? அதில் எழுத வேண்டியவையும் அதிகமில்லை. மலையில் அடிபட்டால் கீழே உன் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெண்களுக்கு வக்கீல் இலவசம். நீ வராததால் வந்த தீர்ப்பை நீக்கக் கேட்கலாம், முப்பது நாளுக்குள் போ. வாசகத்தை எவரும் அலுவலகத்தில் அமர்ந்து எழுத வேண்டியதில்லை. மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கும் நான்கு பெண்களிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் அதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்வதை எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும்.